மின்கம்பிக்கு இடம் வேண்டும்: ரயில் பாதை மேலுள்ள சாலைப் பாலத்தை மாற்றிக் கட்டுவது எப்படி

டீசல் வண்டி ஓடிய பாதையை மின்மயமாக்க முடிவெடுத்ததும் எல்லோர் கண்ணும் மின்கம்பத்தின் மேலும் சப்ஸ்டேஷன் மேலும்தான் போகும். வேலையின் வேகத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் பாதைக்கு மேலே குறுக்காகப் போகும் பழைய சாலைப் பாலங்கள். நீராவி எஞ்சினின் புகைபோக்கி உரசாமல் போனால் போதும் என்று கட்டியவை அவை. அவற்றின் அடியில் 25,000 வோல்ட் கம்பி போக வேண்டும் என்று கட்டியவர்கள் நினைத்திருக்க வழியில்லை.

ஒரு பாலத்தை இடித்துக் கட்டலாமா, வேண்டாமா என்பது சில பத்து மில்லிமீட்டரில் தீர்மானமாகிற விஷயம். அதனால் கணக்கிலிருந்தே தொடங்குவோம்.

எவ்வளவு உயரம் வேண்டும்?

தண்டவாளத்தின் மேல்மட்டத்திலிருந்து பாலத்தின் அடிப்பரப்பு வரையுள்ள இடத்தை அடுக்கடுக்காகப் பிரித்துப் பார்க்க வேண்டும். கீழே வருபவை கணக்கு புரிவதற்காக எடுத்துக்கொண்ட எண்கள். அவரவர் பாதையின் விதிப்படி அவை மாறும், ஆனால் அடுக்கின் வரிசை எங்கும் இதுதான்.

வண்டியின் உச்சி 4,300 மி.மீ. டேம்பிங் (தண்டவாளத்தடி ஜல்லியை இறுக்கிப் பாதையைச் சரிசெய்வது) செய்யும்போது பாதை மேலே ஏறும், அதற்கு 50. வண்டியின் கூரைக்கும், வண்டி உரசி மின்சாரம் எடுக்கும் கான்டாக்ட் வயருக்கும் இடையே மின் இடைவெளி 270. கம்பி கட்டுவதில் வரும் பிசகு, வெயிலில் தொய்வது இவற்றுக்கு 40. ஆக, கான்டாக்ட் வயர் 4,660-இல் நிற்கும். அதற்கு மேலே அதைத் தாங்கிப் பிடிக்கும் கேட்டனரி கம்பி இருக்கிறது. திறந்தவெளியில் இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு மீட்டருக்கு மேல் இடைவெளி விடுவது வழக்கம். பாலத்தடியில் அதைச் சுருக்கி 200 என்று வைத்தால் 4,860. கேட்டனரிக்கும் பாலத்துக்கும் இடையே மறுபடி 270. பாலத்தின் அளவில் வரும் பிசகுக்கு 20. மொத்தம் 5,150 மி.மீ.

அந்த 270 ஐரோப்பியத் தரமான இ.என். 50119-இல் 25 கிலோவோல்ட்டுக்குச் சொல்லப்பட்ட நிலையான இடைவெளி. வண்டி ஓடும்போது பான்டோகிராஃப் (கூரைமேல் நின்று கம்பியிலிருந்து மின்சாரம் எடுக்கும் சட்டம்) கம்பியைத் தூக்கும், அந்தக் கணநேரத்துக்கு 150 போதும் என்கிறது அதே தரம். இரண்டையும் ஒப்பிட்டு எது அதிகமோ அதை எடுக்க வேண்டும். தூக்கல் 80 என்றால் 80-உம் 150-உம் சேர்ந்து 230, நிலையான 270-ஐ விடக் குறைவு. அதனால் இங்கே 270 ஆள்கிறது. தூக்கல் 120-ஐத் தாண்டினால் கணக்கு தலைகீழாகும். இந்த ஒப்பீட்டைச் செய்யாமல் 270, 80, 150 மூன்றையும் கூட்டி வைத்து, தேவையே இல்லாமல் பாலத்தை இடிப்பதும் உண்டு. பழைய 1,500 வோல்ட் டி.சி. முறையில் இதே தரம் கேட்பது 100-உம் 50-உம்தான். அந்த முறையில் தப்பிய பாலங்கள் 25 கிலோவோல்ட்டுக்கு மாறும்போது மாட்டிக்கொள்வது இதனால்தான்.

கர்டர் பாலமோ ஸ்லாப் பாலமோ என்றால் அடிப்பரப்பு தட்டையாக இருக்கும், ஒரே எண்ணில் முடிந்துவிடும். செங்கல் ஆர்ச் என்றால் கதை வேறு. இரட்டைப் பாதைக்குக் கட்டிய ஆர்ச்சில் உச்சி இரண்டு பாதைகளுக்கும் நடுவில் இருக்கிறது. வண்டி அங்கே ஓடுவதில்லை. பாதை நடுவிலிருந்து நடுவுக்கு 3.4 மீட்டர் என்றால், ஒவ்வொரு பாதையின் மையமும் ஆர்ச்சின் உச்சியிலிருந்து 1.7 மீட்டர் விலகி நிற்கும். ஆர்ச்சின் ஆரம் 6 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். உச்சியில் 5,300 மி.மீ. இருக்கிறது, 5,150 போதுமே, 150 மிச்சம் என்று தோன்றும். பாதையின் மையத்துக்கு நேர் மேலே ஆர்ச் 246 மி.மீ. இறங்கிவிடுகிறது, மிஞ்சுவது 5,054. ஏறத்தாழ 100 மி.மீ. போதவில்லை. இன்னும் வெளியே போங்கள். பான்டோகிராஃபின் வெளிப்பக்க முனை பாதை மையத்திலிருந்து ஒரு மீட்டர், அதாவது உச்சியிலிருந்து 2.7 மீட்டர் தள்ளி இருக்கிறது. அங்கே ஆர்ச் 642 இறங்கி 4,658-க்கு வந்துவிடுகிறது. கம்பியின் உயரமே 4,660! பான்டோகிராஃபின் கொம்பு கீழ்நோக்கி வளைந்திருந்தாலும் அந்தத் தோள்பட்டைப் பகுதியில் செங்கல்லை நெருங்கிவிடும். ஆர்ச் பாலத்தில் கம்பியை விடப் பான்டோகிராஃபே பெரிய பிரச்சினை என்பதை முதல் நாளிலேயே மனதில் வைக்க வேண்டும். உச்சியில் மட்டும் நாடா வைத்து அளந்த பழைய பதிவேட்டை நம்பித் திட்டம் போடவே கூடாது.

அளவெடுக்க இப்போது லேசர் ஸ்கேன் இருக்கிறது. இரண்டு தண்டவாளத்தின் மட்டத்தையும் தனித்தனியாகக் குறிக்க வேண்டும். வளைவுப் பாதை என்றால் வெளித்தண்டவாளம் உயர்ந்திருக்கும், வண்டியோடு பான்டோகிராஃபும் உள்பக்கம் சாயும். 100 மி.மீ. ஏற்றம் 5 மீட்டர் உயரத்தில் ஏறத்தாழ 300 மி.மீ. பக்கவாட்டு நகர்வாக மாறுகிறது. கம்பியையும் அதற்கேற்ப நகர்த்திக் கட்டுவார்கள், ஆனால் ஆர்ச்சை நகர்த்த முடியாது.

இடிக்காமல் தப்ப வழி உண்டா?

எப்போதும் இதைத்தான் முதலில் கேட்க வேண்டும். முதல் வழி, பாலத்தடியில் கம்பியைத் தாழ்த்திக் கட்டுவது. ஆனால் கம்பி திடீரென்று இறங்க முடியாது. வேகம் கூடக் கூட சரிவு மென்மையாக இருக்க வேண்டும். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் ஆயிரத்துக்கு 6, 160-இல் 3.3, 200-இல் 2, 250-ஐத் தாண்டினால் சரிவே கூடாது. வழக்கமான உயரம் 5,500 என்றும் பாலத்தடியில் 4,660 என்றும் வைத்தால் 840 மி.மீ. இறங்க வேண்டும். 160 கி.மீ. வேகத்துக்கு அது ஒவ்வொரு பக்கமும் 250 மீட்டருக்கு மேல், 200 கி.மீ. வேகத்துக்கு 420 மீட்டர். சரிவு தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் பாதிச் சரிவில் ஒரு ஸ்பான் (ஒரு கம்பத்திலிருந்து அடுத்த கம்பம் வரையுள்ள தூரம்) வேறு விட வேண்டும். அந்தத் தூரத்துக்குள் ஒரு லெவல் கிராசிங் இருந்தால் போச்சு. சாலையில் லாரி போக வேண்டுமென்பதால் அங்கே கம்பி உயரத்தில் நின்றாக வேண்டும்.

இங்கிலாந்தில் ஸ்டீவன்டன் கிராமத்தில் நடந்தது இதுதான். கிரேட் வெஸ்டர்ன் பாதையில் லெவல் கிராசிங்குகளுக்குப் பக்கத்தில் ஒரு பழைய பாலம். மாற்றிக் கட்டினால் ஊர்ச் சாலை மாதக்கணக்கில் மூடப்படும் என்பதால் எதிர்ப்பு எழுந்தது. பாலத்தை அப்படியே விட்டுக் கம்பியை வழக்கத்தைவிடக் கூடுதல் சரிவில் இறக்கினார்கள். மின்வண்டிகள் முதலில் அந்த இடத்தில் மணிக்கு 60 மைலுக்கு இறங்க வேண்டியிருந்தது. பிறகு பான்டோகிராஃபும் கம்பியும் எப்படி நடந்துகொள்கின்றன என்று கணினியில் மாதிரி செய்து, பாதையில் சோதித்து, 110 மைல் வரை அனுமதித்தார்கள். விதிநூலில் இருக்கும் சரிவு எண் எல்லா இடத்திலும் கடைசிச் சொல் இல்லை என்பதற்கு இது நல்ல சான்று. அதற்காக எல்லாப் பாலத்துக்கும் இதே விதிவிலக்கைக் கேட்பதும் சரியில்லை.

இரண்டாவது வழி, பாதையைத் தாழ்த்துவது. காகிதத்தில் எளிது. ஆனால் பழைய பாலத்தின் அபட்மென்ட் (பாலத்தின் முனையைத் தாங்கும் கரைச்சுவர்) அஸ்திவாரம் பல இடங்களில் ஸ்லீப்பருக்குக் கொஞ்சம் கீழேயே முடிந்துவிடும். 200 மி.மீ. தோண்டினால் அஸ்திவாரத்தின் பக்கவாட்டுப் பிடிமானமே போய்விடக்கூடும். சோதனைக் குழி தோண்டி அஸ்திவாரத்தின் அடியைக் கண்ணால் பார்க்காமல் இந்த முடிவை எடுக்கக் கூடாது. அடுத்தது தண்ணீர். வெட்டுப்பள்ளத்தில் பாலத்தடியை மட்டும் தாழ்த்தினால் மழைத்தண்ணீர் எல்லாம் அங்கேதான் தேங்கும். ஜல்லி சேறாகும், பாதை இறங்கும், டேம்பிங் செய்து மறுபடி தூக்குவார்கள். கஷ்டப்பட்டுத் தேடிய இடைவெளி அதோடு போய்விடும். பக்கத்தில் பிளாட்ஃபாரமோ, பாதை பிரியும் பாயின்டோ இருந்தால் இந்த வழியை மறந்துவிடலாம்.

மூன்றாவது, இருக்கும் டெக்கை (பாலத்தின் மேல்தளத்தை) ஜாக்கி வைத்துத் தூக்குவது. கர்டர்களும் ஸ்லாபும் நல்ல நிலையில் இருந்தால் அருமையான வழி. எல்லா ஜாக்கிகளையும் ஒரே கட்டுப்பாட்டில் இணைத்து, ஒரு தடவைக்கு 10 அல்லது 20 மி.மீ. மட்டும் தூக்கி, உடனே அடியில் எஃகுத் தகடு சொருகிக்கொண்டே போக வேண்டும். ஜாக்கிக்கு ஜாக்கி வித்தியாசம் சில மில்லிமீட்டரைத் தாண்டினால் ஸ்லாப் முறுக்கிக்கொண்டு விரிசல் விடும். தூக்குவதற்கு முன் கைப்பிடிச் சுவர், விரிவு இணைப்பு, பாலத்தோடு போகும் குழாய் எல்லாவற்றையும் விடுவித்தாக வேண்டும். ஒரு சின்ன குழாய்க் கிளாம்ப் விட்டுப்போனாலும் டெக் ஒரு மூலையில் பிடித்துக்கொள்ளும்.

மின்சார வழியிலும் தப்பலாம். வேல்ஸ் நாட்டுக் கார்டிஃபில் ஒரு பாலத்தடியில் சர்ஜ் அரெஸ்டர் பொருத்தி, பாலத்தின் அடிப்பரப்பில் மின்காப்புப் பூச்சு அடித்து, குறைந்த இடைவெளியிலேயே கம்பியைக் கொண்டுபோயிருக்கிறார்கள். மின்னல், ஸ்விட்ச்சிங் இவற்றால் எழும் மின்னழுத்த உச்சத்தை அரெஸ்டர் வெட்டிவிடுவதால் காற்றிடைவெளி குறைவாக இருந்தாலும் பொறி பாய்வதில்லை. அதே தெற்கு வேல்ஸின் பள்ளத்தாக்குப் பாதைகளில் இன்னொரு முறை: சில பாலங்களின் அடியில் கம்பி இருக்கும், மின்சாரம் இருக்காது, வண்டி பேட்டரியில் கடக்கும். பேட்டரி இல்லாத வண்டிகள் ஓடும் பாதையில் செத்த கம்பி வைத்தால் வண்டி உருண்டே கடக்க வேண்டும். ஏற்றத்திலோ சிக்னலுக்கு அருகிலோ அப்படி வைத்தால் ஒரு நாள் வண்டி அதற்கடியில் நின்றுவிடும்.

இவை எதுவும் சரிவராதபோதுதான் இடிப்பு.

புதுப் பாலத்தின் உயரம் சாலைக்கு என்ன செய்யும்?

பாலத்தின் அடிப்பரப்பை 600 மி.மீ. உயர்த்தினால் சாலையும் 600 உயர வேண்டும் என்று கட்டாயமில்லை. பழைய ஆர்ச்சில் செங்கல் தடிமன், அதற்கு மேல் நிரப்பு மண், அதற்கு மேல் சாலை என்று ஒரு மீட்டர்கூட இருக்கும். இரு தாங்கிகளுக்கு இடையே 10 மீட்டர் ஸ்பானுக்கு ப்ரீகாஸ்ட் ப்ரீஸ்ட்ரெஸ் (முன்கூட்டியே வார்த்த, உள்ளே இழுத்துக் கட்டிய கம்பி உள்ள) ஸ்லாப் பீம் 450 முதல் 500 மி.மீ. தடிமனில் கிடைத்துவிடும். தடிமனில் சேமித்த அளவு சாலை உயர்வு குறைகிறது. ஸ்பான் பெரிதென்றால் இரு ஓரத்தில் கர்டர், நடுவில் மெல்லிய தளம் என்று தொட்டி போன்ற அமைப்புக்குப் போகலாம். அதில் கட்டுமான ஆழம் சாலை மட்டத்துக்கு மேலே போய்விடுகிறது.

மிச்சமுள்ள உயர்வு அணுகுசாலையில் விழும். 400 மி.மீ. உயர்வு, பழைய சரிவு 3 சதவீதம், அனுமதித்தது 5 சதவீதம் என்றால் வித்தியாசம் 2 சதவீதம். குறைந்தது 20 மீட்டர் நீளத்துக்குச் சாலையை மாற்ற வேண்டும். அதோடு மேடு தாண்டும் இடத்தில் எதிர்வண்டி தெரியும்படி வளைவு கொடுத்தால் 50, 60 மீட்டர் ஆகிவிடும். அந்த 60 மீட்டருக்குள் ஒரு வீட்டு வாசலோ சந்திப்போ இருந்தால் ரயில் வேலை நிலம் எடுக்கும் வேலையாக மாறிவிடும். பாலத்தின் வரைபடத்துக்கு முன் அணுகுசாலையின் நீள்வெட்டு வரைபடத்தை முடித்துவிடுவது நல்லது.

எதிர்காலத்தையும் இப்போதே கேட்க வேண்டும். இந்தியாவில் இரட்டை அடுக்குக் கன்டெய்னர் ஓட்டுவதற்காகக் கான்டாக்ட் வயரை 7.57 மீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். அந்த மாதிரிச் சரக்கு வரப்போகிற பாதையில் இன்றைய 5.5 மீட்டர் கம்பிக்கு மட்டும் பாலம் கட்டினால், நூறாண்டு வாழ வேண்டிய பாலத்தை இருபதாண்டில் திரும்ப இடிக்க நேரிடும்.

பாலத்தில் ஒளிந்திருக்கும் குழாயும் கேபிளும்

இதைத்தான் பலர் கடைசியில் பார்க்கிறார்கள், முதலில் பார்க்க வேண்டியது இதுவே. சாலைப் பாலம் என்பது குடிநீர்க் குழாய், எரிவாயுக் குழாய், மின்கேபிள், ஃபைபர் எல்லாமே ரயில் பாதையைத் தாண்டிப் போகும் ஒரே வழி. வரைபடத்தில் மூன்று கோடு இருந்தால் மண்ணுக்குள் ஐந்து இருக்கும். யாருடையது என்றே தெரியாத ஒரு கேபிள் கட்டாயம் இருக்கும், அதில் மின்சாரமும் இருக்கக்கூடும். கையால் தோண்டிய சோதனைக் குழி இல்லாமல் எந்த எந்திரமும் பாலத்தின் மேல் ஏறக்கூடாது.

ஒவ்வொரு சேவையையும் மாற்ற ஒவ்வொரு நிறுவனமும் தன் தேதியில்தான் வரும். ஃபைபரை வெட்டி ஒட்ட இரவு நேர அனுமதி வேண்டும், எரிவாயுவைக் கோடையில்தான் நிறுத்த விடுவார்கள், குடிநீர்க் குழாயைக் கழுவிச் சோதிக்காமல் திறக்க முடியாது. பழைய பாலத்துக்குப் பக்கத்தில் தற்காலிகமாக ஒரு மெல்லிய எஃகுப் பாலம் போட்டு எல்லாவற்றையும் முன்கூட்டியே அதில் ஏற்றிவிடுவது சிறந்த ஏற்பாடு. நடந்து போகிறவர்களுக்கும் அதிலேயே பாதை விடலாம். அந்தத் தற்காலிகப் பாலத்தின் அடிப்பரப்பும் கம்பிக்கு வேண்டிய உயரத்தில் இருக்க வேண்டும். இதை மறந்து, மின்சாரம் செலுத்தும் தேதிக்கு முன் அவசரமாகத் தற்காலிகப் பாலத்தைப் பிரிக்கும் நிலைமை வரும்.

இடிப்பு

52 மணி நேர பிளாக் (வண்டிகளை நிறுத்தி வேலைக்குப் பாதையைத் தரும் நேரம்) கிடைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வண்டிகள் நின்றதும் முதல் இரண்டு மணி நேரம் பாதையைக் காப்பாற்றப் போகும். ஜல்லியின் மேல் ஜியோடெக்ஸ்டைல் துணி, அதன்மேல் 300 மி.மீ. மணலோ கல்தூளோ, அதன்மேல் மரப்பாய். சிக்னல் கேபிள் போகும் கால்வாயின் மேல் எஃகுத் தகடு. வண்டியின் அச்சுகளை எண்ணும் ஆக்ஸில் கவுன்டர் இருந்தால் கழற்றி எடுத்துவிட வேண்டும். துணி விரிக்காமல் நேராக மணல் கொட்டினால், எடுத்த பிறகும் செங்கல்தூளும் சுண்ணாம்பும் ஜல்லிக்குள் தங்கிவிடும். ஆறு மாதம் கழித்து மழையில் அந்த இடம் சேறு கக்கும், காரணம் யாருக்கும் நினைவிருக்காது.

ஆர்ச்சை இடிப்பதில் ஒரு ஒழுங்கு உண்டு. மேலே இருக்கும் நிரப்பு மண் வெறும் பாரம் இல்லை, ஆர்ச்சை வடிவத்தில் பிடித்து வைத்திருப்பதே அதுதான். ஒரு பக்க மண்ணை மட்டும் அள்ளினால் மறுபக்கப் பாரம் ஆர்ச்சைத் தள்ளி, எந்திரம் மேலே நிற்கும்போதே விழ வைக்கும். முதலில் கைப்பிடிச் சுவர், பிறகு உச்சியிலிருந்து இரு பக்கமும் சமமாக மண், பக்கச் சுவர், கடைசியில் செங்கல் வளையம். வளையத்தை உடைக்கும்போது எந்திரம் அபட்மென்டுக்குப் பின்னால் கெட்டி மண்ணில் நிற்க வேண்டும், ஆர்ச்சின் மேல் கூடவே கூடாது. மூன்று கண் ஆர்ச் பாலம் என்றால் இன்னும் கவனம்: பக்கத்துக் கண்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நிற்கின்றன. நடுக்கண்ணை முதலில் எடுத்தால் தூண்கள் உள்நோக்கிச் சாயும். மூன்றையும் சேர்த்தே இறக்கத் திட்டமிட வேண்டும், அல்லது தூணுக்கு முட்டுக் கொடுக்க வேண்டும்.

அதைவிட அடிக்கடி தவறவிடப்படுவது அபட்மென்ட். ஆர்ச் இருக்கும்வரை அது இரு கரைகளையும் எதிரெதிராக அழுத்தி நிற்கும் ஒரு முட்டுக்கட்டை. பின்னாலிருக்கும் மண் அபட்மென்டைப் பாதைப் பக்கம் தள்ள, ஆர்ச் திருப்பித் தள்ளுகிறது. ஆர்ச் போன கணத்தில் மண்ணின் தள்ளல் மட்டும் மிஞ்சும். அந்த நேரம் பார்த்து 500 டன் கிரேனை அபட்மென்டின் முதுகில் நிறுத்தினால் சுவர் நகரும். இதற்குத் தீர்வு மூன்று: முன்கூட்டியே அபட்மென்டுக்குப் பின்னாலுள்ள மண்ணை ஒன்றிரண்டு மீட்டர் இறக்கிவிடுவது, பழைய சுவருக்குப் பின்னால் பைல் (மண்ணில் ஆழமாக இறக்கும் தூண்) இறக்கிப் புது டெக்கின் பாரத்தை அதில் ஏற்றுவது, புது டெக்கையே இரு கரைக்கும் இடையே முட்டுக்கட்டையாக இறுக்கிவிடுவது. இவற்றில் பைல் முறைதான் நிம்மதியானது. பிளாக் வருவதற்கு வாரங்களுக்கு முன்பே, வண்டிகள் ஓடிக்கொண்டிருக்கும்போதே, சாலையில் நின்று பைல் இறக்கி முடித்துவிடலாம். பிளாக்கில் மிஞ்சுவது இடிப்பும் தூக்கி வைப்பும் மட்டும்.

கான்கிரீட் பாலம் என்றால் அதில் போஸ்ட்டென்ஷன் கேபிள் (கான்கிரீட் இறுகிய பிறகு இழுத்துக் கட்டியது) இருக்கிறதா என்று முன்பே தெரிந்தாக வேண்டும். இழுவிசையில் இருக்கும் கேபிளைக் கண்மூடித்தனமாக வெட்டினால் பீம் திடீரென்று முறியும், நங்கூரம் பின்பக்கம் சீறிக்கொண்டு வெளியே வரும். பழைய எஃகுப் பாலத்தின் வண்ணப்பூச்சில் ஈயம் இருக்கும். காஸ் கட்டர் வைப்பதற்கு முன் வெட்டும் கோட்டில் பூச்சைச் சுரண்டி எடுக்காவிட்டால் வெட்டுகிறவர் நுரையீரலுக்குள் ஈயப் புகை போகும். நேரம் போதவில்லை என்ற காரணத்துக்காக இதை விட்டுக்கொடுக்கவே கூடாது.

இடிப்பு தாமதமாவது பெரும்பாலும் சின்ன விஷயத்தால். உடைக்கும் எந்திரமான பிரேக்கரின் ஹைட்ராலிக் ஹோஸ் வெடிக்கும், அதிகாலை மூன்று மணிக்குக் கடை திறந்திருக்காது. பாதையின் இரண்டு பக்கமும் எந்திரம், ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு மாற்று எந்திரம், ஹோஸ், ஃபிட்டர் எல்லாம் அங்கேயே காத்திருக்க வேண்டும். பிளாக் தொடங்கி 20 மணி நேரத்துக்குள் பாதை காலியாகவில்லை என்றால் பீம் தூக்குவதை அடுத்த பிளாக்குக்குத் தள்ளிவிட்டுப் பாதையைத் திறந்துவிடுவது என்று முன்பே எழுத்தில் முடிவு செய்துவிடுங்கள். களைத்துப்போன மனிதர்கள் நள்ளிரவில் அந்த முடிவை எடுக்க மாட்டார்கள், "இன்னும் ஒரு மணி நேரம்" என்றுதான் சொல்வார்கள்.

தூக்கி வைப்பது

12 மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், அரை மீட்டர் தடிமனுள்ள பீம் ஏறத்தாழ 15 டன். இந்த எடை பெரிதில்லை. தூரம்தான் பெரிது. கிரேன் ஒரு கரையில் நின்று மறுகரைப் பக்கம் எட்டிப் பிடிக்கும்போது ஆரம் 25, 30 மீட்டர் ஆகும், கிரேனின் தூக்குதிறன் அங்கே பெயரளவில் இருப்பதில் சிறு பங்குதான். கிரேனின் விரிகால்களான அவுட்ரிகர் ஒவ்வொன்றின் கீழும் எவ்வளவு பாரம் வரும், மண் தாங்குமா, அடியில் பழைய கழிவுநீர்க் குழாய் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். காற்று விநாடிக்கு 9, 10 மீட்டரைத் தொட்டால் தூக்குவதை நிறுத்த வேண்டியிருக்கும். அதற்கான உபரி மணி நேரம் திட்டத்தில் இருக்க வேண்டும்.

பீம் உட்காரும் ப்ரீகாஸ்ட் பெட் பிளாக்கின் மட்டம் 5 மி.மீ. பிசகினால் பீம் மூன்று மூலையில் நிற்கும், நான்காவது ஆடும். ஷிம் என்ற மெல்லிய தகடு வைத்துச் சரிசெய்து, க்ரவுட் என்ற நிரப்புக் கலவை ஊற்றினால் குளிரில் அது இறுக நேரமெடுக்கும். க்ரவுட் இறுகுவதற்கு முன் பக்கத்துப் பீமை இறக்கினால் முதலாவது நகரும். க்ரவுட்டின் வலிமை நேரத்தோடு ஏறும் வரைபடத்தை அன்றைய வெப்பநிலைக்குப் பார்க்க வேண்டும், 20 டிகிரிக்கு அச்சிட்டதை அல்ல. பீம்களை இணைக்கும் கான்கிரீட் தையலில் இரண்டு பீமிலிருந்தும் நீளும் கம்பிகள் மோதிக்கொள்வது தீராத தொல்லை. தொழிற்சாலையிலேயே இரண்டு பீமைப் பக்கத்தில் வைத்துப் பொருத்திப் பார்த்துவிட்டால் அந்தத் தொல்லை இருக்காது.

கேட்டனரியைத் தாங்க பாலத்தின் அடிப்பரப்பில் ஏதாவது பொருத்த வேண்டும் என்றால் அதற்கான சாக்கெட்டை வார்க்கும்போதே பதித்துவிட வேண்டும். பிறகு ட்ரில் போட்டால் ப்ரீஸ்ட்ரெஸ் கம்பியில் போய் முட்டும். முடிந்தால் பாலத்தில் எதையும் மாட்டாமல், இரு பக்கமும் மாஸ்ட் (மின்கம்பம்) வைத்துக் கம்பியைத் தொடாமல் கடத்திவிடுவதே மேல். பாலத்தில் மாட்டிய ஒவ்வொரு இன்சுலேட்டரும் பறவை உட்காரும் இடம், மழைநீர் சொட்டும் இடம். ஈர இறகோடு ஒரு காகம் பாலத்துக்கும் கேட்டனரிக்கும் இடையே போனால் ஃபீடர் ட்ரிப் ஆகும், அதாவது மின்சாரம் துண்டிக்கப்படும். விரிவு இணைப்பைப் பாதைக்கு நேர் மேலே வைக்காதீர்கள், ஒழுகும் நீர் கம்பி மேல் விழும். டெக்கின் ஓரத்தில் அடிப்பக்கம் ஒரு சொட்டுக் காடி விட்டால் தண்ணீர் உள்ளே ஓடி வராது.

கைப்பிடிச் சுவரின் வேலையும் மாறுகிறது. முன்பு வண்டி விழாமல் தடுத்தால் போதும். இப்போது கையோ கம்பியோ ஈரத்துணியோ கீழே உள்ள 25,000 வோல்ட்டை எட்டாமலும் தடுக்க வேண்டும். பிரிட்டனில் மக்கள் நடக்கும் பாலத்துக்கு 1.8 மீட்டர் உயரம் கேட்கிறார்கள். முகம் வழவழப்பாக, ஓட்டை இல்லாமல், ஏறிக் கால் வைக்க விளிம்பு இல்லாமல், உச்சி கூரை போல இரு பக்கமும் சரிந்து, நடக்கவோ உட்காரவோ முடியாதபடி இருக்க வேண்டும். இதில் சமரசமே வேண்டாம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் தினம் போகும் வழி அது.

உலோகம் எல்லாவற்றையும் ரயிலின் மின்திரும்பு பாதையோடு (மின்னோட்டம் திரும்பிப் போகும் வழியோடு) இணைக்க வேண்டும். கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி வலையும் இதில் சேரும். கம்பி அறுந்து பாலத்தில் பட்டால் ஃபால்ட் மின்னோட்டம் அந்த வழியே ஓடி சர்க்கியூட் பிரேக்கரை உடனே விழவைத்து மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். ஆனால் உலோகக் கைப்பிடி அணுகுசாலை வரை இடைவிடாமல் நீண்டால் அந்த மின்னழுத்தமும் சாலை வரை போகும். அதனால் ரயில் எல்லைக்கு வெளியே ஒரு துண்டைக் கான்கிரீட்டாகவோ மின்காப்பு இணைப்பாகவோ விட்டுப் பிரிக்க வேண்டும். பாலத்தின் மேல் தெருவிளக்குக் கம்பம் வேண்டாம். வைத்தே ஆக வேண்டும் என்றால் அதன் எர்த்தையும் ரயில் எர்த்தையும் கலக்காதபடி தனி ஏற்பாடு வேண்டும்.

பாதையைத் திருப்பிக் கொடுக்கும்போது

கடைசி நான்கு மணி நேரம் சுத்தம் செய்வதற்கே. கட்டுக்கம்பியின் விரல் நீளத் துண்டு ஒன்று தண்டவாளத்தின் இன்சுலேட்டட் ஜாயின்டுக்கு (மின்சாரம் கடக்காதபடி பிரிக்கும் இணைப்புக்கு) குறுக்கே விழுந்திருந்தால், வண்டியே இல்லாத பாதையில் வண்டி நிற்பதாக சிக்னல் காட்டும். காந்தம் பொருத்திய கோலை ஜாயின்டுகளைச் சுற்றி ஒரு முறை இழுத்தால் இரண்டு நிமிட வேலை. செய்யாவிட்டால் திங்கட்கிழமை காலை முழுவதும் வண்டிகள் நிற்கும். பாதையின் அகலம், மட்டம், முறுக்கு எல்லாம் அளந்து எழுத வேண்டும். முதல் வண்டியை மெதுவாக விட்டு, கண்ணால் பார்த்துவிட்டுத்தான் வேகத்தைக் கூட்ட வேண்டும்.

டெக்கின் மேல் நீர்ப்புகாத் தளம் போட கான்கிரீட் காய்ந்திருக்க வேண்டும். ஈரத்தின் மேல் ஒட்டினால் வெயிலில் கொப்புளம் கிளம்பும், அதன்மேல் தார் உரியும். சாலையைத் திறக்கும் அவசரத்தில் இங்கே இரண்டு நாளைச் சேமித்தால் இரண்டு ஆண்டில் மறுபடி தோண்ட வேண்டியிருக்கும்.

பாலம் முடிந்ததும் ஒவ்வொரு பாதைக்கும் மேலே மூன்று இடத்தில் உயரத்தை அளந்து, வரைபடத்தில் இருந்ததை அல்ல, அளந்ததைப் பதிவு செய்ய வேண்டும். அபட்மென்டில் கண்மட்டத்தில் ஒரு சிறிய உலோகத் தகடு பொருத்தி, அதிலிருந்து தண்டவாளம் எவ்வளவு தள்ளி, எவ்வளவு கீழே இருக்க வேண்டும் என்று பொறித்துவிடுங்கள். ஒவ்வொரு முறை டேம்பிங் எந்திரம் வரும்போதும் பாதை சில மில்லிமீட்டர் ஏறும். கணக்கில் அதற்கு விட்டது மொத்தம் 50. எந்திரத்தை ஓட்டுகிறவர் வரைபட அலுவலகத்துக்குப் போன் செய்யப் போவதில்லை. அவர் பார்க்கப்போவது அந்தத் தகட்டை மட்டுமே.